நிலம் கொடுத்த அனுபவம் உண்டு, ஐயா

பெறுநர்: மனிதவளத் துறை, என்.எல்.சி. இந்தியா நிறுவனம், நெய்வேலி.
பொருள்: முதல் வேலை கோருதல் – முன் அனுபவம் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வளையமாதேவி கிராமத்துப் பையன்கள் சிலர் சார்பில் இதை எழுதுகிறேன். விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, ஐ.டி.ஐ. மார்க் எல்லாம் மளமளவென்று நிரம்பிவிடுகின்றன. ‘முன் அனுபவம்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. வேலை பார்த்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்பது ஊரறிந்த கதை. ஆகவே இம்முறை கட்டத்தைக் காலியாக விடாமல், உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறோம்.

2006 முதல் 2013 வரை: உங்கள் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தல். இந்தப் பணிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்காணல் கிடையாது. விண்ணப்பிக்காதவர்களும் தேர்வானார்கள்.

2023 ஜூலை 26: வேடிக்கை பார்த்தல். இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டினீர்கள். போலீஸ் காவலோடு பொக்லைன்கள் நெல் வயலுக்குள் இறங்கின. பச்சைப் பயிர் வேரோடு புரண்டு மண்ணுக்கடியில் போயிற்று. ‘நிலம் எங்களுடையதாகிப் பல வருஷமாயிற்று’ என்றீர்கள். சரிதான். மண் சும்மா கிடந்தால் நாற்று நட்டுவிடுவது எங்கள் பழக்கதோஷம். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். அதைச் சம்பளக் கணக்கில் காட்டலாமா என்று தெரிவிக்கவும்.

அப்ரண்டிஸ் அனுபவமும் சிலருக்கு உண்டு. ஆனால் 1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சி கொடுத்தவர் வேலையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லையாம். சமைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பந்தியில் இடமில்லை என்பதுபோல.

பொறியியல் படித்தவர்களுக்கு வேறு கதவு. 2022இல் 299 பயிற்சிப் பொறியாளர்களை ‘கேட்’ தேர்வு மதிப்பெண் பார்த்து எடுக்கப்போவதாக அறிவித்தீர்கள். நிலம் கொடுத்த குடும்பங்கள் என்னாவது என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கே கடிதம் எழுதினார். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று பையன்களிடம் நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்கக் கூடாது. 1956 நவம்பரில் உங்கள் நிறுவனம் பிறந்தபோது உங்களுக்கு என்ன முன் அனுபவம் இருந்தது? ஒரு கூடை பழுப்பு நிலக்கரி எடுத்ததுண்டா? 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நடுவில் நான்கு வருஷத்துக்கு மேல் வெறும் மண்ணைத்தான் வெட்டிக் கொட்டினீர்கள். வெட்டும் எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அதற்கும் முன்னால், 1930களில், தம் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததைப் பார்த்து ஆராயச் சொன்ன ஜம்புலிங்க முதலியார் எந்தச் சுரங்கக் கல்லூரியிலும் படித்தவரல்ல. அவர் பிற்பாடு நூற்றுக்கணக்கான ஏக்கரை எழுதிக் கொடுத்தபோதும் ‘முன்னே எங்கே கரி எடுத்தீர்கள், சான்றிதழ் இருக்கிறதா’ என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்களும் இன்று எங்கள் பையன்களோடு வரிசையில் நின்றிருப்பீர்கள்.

இணைப்பு: ஐ.டி.ஐ. சான்றிதழ் நகல், சாதிச் சான்றிதழ் நகல், போட்டோ இரண்டு. நிலத்தின் சர்வே எண்களைத் தனியே இணைக்கவில்லை. அவை உங்கள் இரண்டாம் சுரங்க வரைபடத்தில் இருக்கின்றன. ஒரு நகல் எடுத்து அங்கேயே கோத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பையன்களுக்காக, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவன்