பச்சைக் கண்ணாடியைக் கழட்டுலே!

ஏலே பேராண்டி, புள்ளைக்கு ஓஸ் மந்திரவாதி படத்தைச் செல்லுல போட்டுக் காட்டிட்டேன், இனிமே புத்தகம் எதுக்குங்கே. நல்லாருக்குலே ஒன் ஞாயம்! கல்யாண வீடியோவைப் பாத்தாச்சு, பந்திக்கு எதுக்குப் போகணும்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கியா? மொத பந்தியிலயே இலைக்கு முன்னால உக்காந்திருப்பியே!

சரி, கிழவன் சொல்லுதேன், கேளு. அந்தக் கதையை எழுதின ஃபிராங்க் பாம் நம்மள மாதிரிதான். தொட்ட தொழில் ஒண்ணும் துலங்காது. கோழி வளத்தாரு. அவரோட மொத புத்தகமே 1886ல வந்த கோழிப் புத்தகம்தான். டகோடாப் பக்கம் அபர்டீன்னு ஒரு ஊர்ல கடை போட்டாரு, மூடினாரு. பத்திரிகை நடத்தினாரு, அதுவும் படுத்துட்டு. பீங்கான் சாமானை ஊர் ஊராக் கொண்டுபோய் வித்தாரு. பெறகு, கடைச் சன்னல்ல சரக்கை எப்படி மினுக்கி அடுக்கணும்னு யாவாரிகளுக்கு ஒரு பத்திரிகை போட்டாரு. நாப்பது தாண்டி, 1900லதான் இந்தக் கதை வந்து கைகொடுத்துச்சு.

சன்னல் மினுக்கின அந்தக் கையாலதான் கதையில வர்ற மரகத நகரத்தையும் கட்டினாரு. வாசல்ல நிக்கிற காவக்காரன், உள்ள போற ஆளுக்கெல்லாம் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிருவான். சாவி அவன்கிட்ட. பச்சைக் கண்ணாடி போட்டவனுக்குக் காஞ்ச சருகும் பசும்புல்லுதானலே! கதையோட நாயகி, டோரதிங்கிற புள்ள, அங்க போட்ட பச்சை உடுப்பு, ஊரைத் தாண்டினதும் வெள்ளையாப் போச்சு. மந்திரவாதி யாருங்கே? ஒமாகாவுல இருந்து பலூன்ல பறந்து வந்து விழுந்த வித்தைக்காரன். ஏமாத்துறவன் ஒருத்தன், பூட்டிக்கிட்டவன் ஊர் பூராவும். இதைப் புள்ளைக்குச் சொல்லாம எதைலே சொல்லப் போற?

1939ல எம்ஜிஎம்காரன் எடுத்த படத்துல அந்தக் கண்ணாடி கெடையாது. ஊரே நெசமாப் பச்சை. ஊர்க்காரன் கண்ணுல கழட்டி, பாக்குற நம்ம கண்ணுல மாட்டிட்டான்! கதையில டோரதிக்கு வெள்ளிச் செருப்பு. கலர்ல எடுப்பாத் தெரியணும்னு அதைச் செவப்பாக்கிட்டான். கதையில சூனியக்காரிக்கு ஒத்தைக் கண்ணு. படத்துல ரெண்டு கண்ணையும் குடுத்து, மூஞ்சியில பச்சையைப் பூசிட்டான். 1995ல மக்வயர்னு ஒருத்தர் அந்தப் பச்சைக்காரிக்கு வக்கீலாட்டம் ஒரு நாவல் எழுதினாரு. அது நாடகமாகி, 2024லயும் 2025லயும் விக்கெட்னு ரெண்டு படமாச்சு. பூசின சாயம் மூலக்கதையைவிட நெறைய நாள் ஒட்டிக்கிடுச்சு, பாத்தியா!

இதைக் கேளு, சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும். மூளை வேணும்னு வந்த சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கதையில மந்திரவாதி தவிட்டோட ஊசியும் குண்டூசியும் கலந்து தலையில அடைச்சான். படத்துல? ஒரு பட்டத்தைச் சுருட்டிக் கையில குடுத்துட்டான்! அன்னைக்கே தெரிஞ்சிருக்குலே படம் எடுத்தவனுக்கு, பின்னால காலம் எப்படிப் போகும்னு. வேடிக்கை என்னன்னா, பொம்மை மூளை வாங்குறதுக்கு முந்தியே வழிநெடுக நல்ல நல்ல யோசனை சொல்லிக்கிட்டேதான் வருது. பட்டம் வாங்கின பெறகு நீ சொன்ன யோசனை ஒண்ணு சொல்லு, கேப்போம்.

படத்தை மட்டமாப் பேசுதேன்னு நெனைக்காத. பாடுபட்டுத்தான் எடுத்திருக்கான். டோரதிக்குத் துணையா வர்ற தகர மனுசனா நடிக்கவேண்டிய நடிகருக்கு அலுமினியப் பொடி நுரையீரல்ல ஏறி, ஆஸ்பத்திரியில படுத்தாரு. வேற ஆளைப் போட்டான். சூனியக்காரியா நடிச்ச அம்மா நெருப்புல வெந்து ஆறு வாரம் நடிக்கலை. டோரதி கூடவந்த நாய்க்கு வாரம் 125 டாலர்னும், குட்டை மனுசங்களா நடிச்சவங்களுக்கு 50தான்னும் சொல்லுவாங்க. நாய் பொழைப்புன்னு இனிமே யாரையும் ஏசாத.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். கதையில டோரதி நெசமாவே மந்திரவாதி ஊருக்குப் போயிட்டு, நெசமாவே திரும்பி வருது. படத்துல கட்டில்ல முழிச்சுக்கிட்டுக் கெடக்கு, எல்லாம் கனவுங்கான். அம்புட்டுத் தூரம் நடந்த புள்ளைகிட்ட ‘நீ போகவே இல்ல தாயி’ன்னு சொல்லுறது எந்த ஊர் நீதிலே?

இன்னொண்ணு. அந்தச் செவப்புச் செருப்பு ஒரு சோடியை 2005ல அமெரிக்காவுல ஒரு காட்சிக்கூடத்துல இருந்து ஒருத்தன் தூக்கிட்டான். கல்லெல்லாம் நெசக் கெம்புன்னு நெனைச்சிட்டான் பாவி. கடைசியில எல்லாம் கண்ணாடி. 2018ல செருப்பு ஆப்புட்டுது. 2024ல அதே கண்ணாடிச் செருப்பை 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஒருத்தர் ஏலம் எடுத்தாரு, கமிசன் தனி. திருடினவன் ஒரு பச்சைக் கண்ணாடி, வாங்கினவரு ஒரு பச்சைக் கண்ணாடி. கதையில வர்ற வெள்ளிச் செருப்போ டோரதி பறந்து வரும்போது பாலைவனத்துல கழண்டு விழுந்துட்டு. அதைத் திருடவும் ஆளில்ல, ஏலம் விடவும் ஆளில்ல. வாசிக்கிற புள்ளைக்குத்தான் அது சொந்தம்.

புத்தகத்துல மொத்தம் 24 அத்தியாயம். ராத்திரிக்கு ஒண்ணுன்னு வாசிச்சாலும் மாசம் முடியாது. இன்னைக்கே ஆரம்பி. அந்தச் செல்லை இங்கன வச்சிட்டுப் போலே, நேத்துப் படத்தைப் பாதியில விட்டுட்டேன்.