எஸ்இஓ சக்கரவர்த்திக்குச் சாற்றிய மாலை

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் எங்கள் சிறு கடைக்கு ஓர் இணையதளம் உண்டு. ‘மூன்றடி அன்ன விளக்கு என்ன விலை?’ என்று கூகுளில் தேடி, கடல் கடந்த ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்; பத்தில் ஒருவர் போனில் பேசுவார். இந்த அற்ப வாழ்விலிருந்து எங்களைக் கடைத்தேற்றவே எழுந்தருளினார், தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்இஓ வித்தையின் சக்கரவர்த்தி, முதற்பக்க வள்ளல், டிராஃபிக் தந்த பெருமான். அன்னாரின் திருப்பெயரை எழுதும் தகுதி என் பேனாவுக்கு இல்லை. திருப்பணிகளை மட்டும் பாடிப் பணிகிறேன்.

தளத்தைப் புதுப்பிப்பதே அவர் செய்த முதல் அருள். ஒரே இரவில் எல்லாப் பக்கங்களின் முகவரிகளும் மாறின. வீடு மாறுகிற சாமானியர்கள் பழைய வாசலில் புது விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள். இணையத்தில் அதற்கு 301 ரீடைரக்ட் என்று பெயர். அந்தச் சில்லறை வேலையில் பெருமான் திருக்கரத்தை நனைக்கவில்லை. பத்தாண்டாகச் சேர்த்த நற்பெயரை ஒரு ராத்திரியில் உதறினாரே, பட்டினத்தாருக்குப் பின் இப்படியொரு துறவை இந்த மண் கண்டதுண்டா? அதுவும் பிறர் சொத்தில்!

கட்டுமானம் நடக்கும்போது தேடுபொறி உள்ளே வராதிருக்க ‘நோஇண்டெக்ஸ்’ என்று ஒரு தட்டி மாட்டுவது வழக்கம். அவசரக்காரர்கள் திறப்புவிழாவன்றே அதைக் கழற்றிவிடுவார்கள். எம்பெருமான் நிதானத்தின் திருவுரு. ஐந்து மாதம் அந்தத் தட்டியைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தார். கோயிலைக் கட்டிக் கும்பாபிஷேகமும் செய்து, கதவை மட்டும் திறக்காமல் வைத்த தன்னடக்கத்தை என்னென்பது!

வாரத்துக்கு வாரம் வருகை தேய்ந்தது. அறிவிலிகளான நாங்கள் பதறினோம். எந்தத் தேதியிலிருந்து குறைந்தது, எந்தப் பக்கங்களில் குறைந்தது, எந்தச் சொல்லைத் தேடியவர்கள் வராமல் போனார்கள் என்றெல்லாம் கேட்டோம். இவை அத்தனையையும் கூகுளின் சர்ச் கன்சோல் காசு வாங்காமல் காட்டும். பெருமானிடமும் அது உண்டு. ஒளவையே நேரில் கண்டு பாராட்டிய தொண்டைமானின் படைக்கலங்கள்போல், ஒரு கீறல் படாமல், பளபளவென்று, பாஸ்வேர்டின் பலத்த காவலில் அது வீற்றிருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டைத் தளத்தின் உரிமையாளர்களான எங்களுக்கும் சொல்லாத காவல், எந்தக் கோட்டைக்கு வாய்க்கும்?

நாடியைத் தொடாமலே நோயைச் சொன்னார்: “கூகுள் அப்டேட் வந்திருக்கு சார்.” எந்த அப்டேட், எந்தத் தேதி என்று துடுக்காகக் கேட்டுவிட்டேன். மௌனம் பூண்டார். தட்சிணாமூர்த்தியும் இப்படித்தானே உபதேசித்தார்!

அடுத்து சிகிச்சை. பக்கத்தின் தலையில் மறைந்திருக்கும் ‘கீவேர்ட்ஸ்’ குறிச்சொல்லைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. காலத்தை வென்ற பெருமானோ அந்த இடத்தில் இருநூறு சொற்களைத் தம் கையாலேயே நட்டார். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ‘குத்துவிளக்கு, குத்துவிளக்கு’ என்று லட்சார்ச்சனையும் செய்தார். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கூகுளுக்கு மட்டும் தெரியும். இறைவனும் அடியாரும் மட்டும் அறிகிற அந்தரங்க பக்தி அது.

பிறகு பேக்லிங்க், அதாவது பிற தளங்கள் எங்கள் தளத்தைச் சுட்டித் தரும் லிங்க். சூதாட்டத் தளம், தொப்பை கரைக்கும் மாத்திரை விற்கும் தளம் என்று தேசம்தோறும் ஆள்விட்டு எங்கள் விளக்குக்குச் சிபாரிசு வாங்கித் தந்தார். பூசையறைப் பொருளுக்கு இவர்களைவிடப் பொருத்தமான சாட்சிகள் உண்டோ? இது மகத்தான பரம்பரை. 2006-இல் தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டி, பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம் கூகுளிலிருந்தே நீக்கப்படும் பெருமை அடைந்தது. 2011-இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி, சம்பந்தமே இல்லாத தளங்களின் லிங்குகளால் உச்சிக்கு ஏறி, நியூயார்க் டைம்ஸ் அதைக் கூகுளிடம் சுட்டிக்காட்டியதும் அதலபாதாளம் சென்றது. மறு ஆண்டு ஏப்ரலில் இத்தகைய லிங்குகளையும் பிடிக்க கூகுள் பெங்குவின் என்ற அப்டேட் பறவையைப் பறக்கவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அதே வழியில் எங்களை நடத்திச் செல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

உச்சகட்ட அற்புதத்தை இனித்தான் சொல்ல வேண்டும். ஒரு திங்கள்கிழமை வருகை ஆயிரக்கணக்கில் பொங்கியது. எத்தனை பண்பான விருந்தினர்கள்! நள்ளிரவு மூன்று மணிக்கு வரிசையாக வந்தார்கள். ஒரு நொடிகூட உட்கார்ந்து எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. விலை கேட்கவில்லை, பேரம் பேசவில்லை, பசி, தாகம், கைகால் எதுவுமே அவர்களுக்கு இல்லை. மனிதர்களை மட்டுமே வாடிக்கையாளராக எண்ணியிருந்த எங்கள் குறுகிய பார்வையை அன்று அகலப்படுத்தினார். மாதாந்தர ரிப்போர்ட்டில் பச்சை அம்பு வானத்தைத் துளைத்தது.

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பாவம், பெருமானை அது அறியாது. அவர் தொண்ணூறு நாளில் முதலிடம் என்று முத்திரைத்தாளிலேயே எழுதித் தந்தார். பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டது, பின்னால் எங்களுக்குக் கொடுக்க மனம் வருமா என்ற கவலையிலிருந்து எங்களைக் காப்பதற்காகத்தான்.

பயன் எங்களோடு நிற்கவில்லை. பட்டறையில் காவிரி வண்டலில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி வார்த்து, கடைந்து மெருகேற்றும் பெரியவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஓய்வெடுங்கள் என்று பிள்ளைகள் கெஞ்சியும் கேட்காதவர். பெருமானின் கருணையால் ஆர்டர் இல்லாமல் இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓய்வு. உலையை மூட்டாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இத்தகைய மகானை வெறுங்கையோடு வழியனுப்பலாமா? ஐந்தடி உயரத்தில், அன்னம் வைத்த குத்துவிளக்கு ஒன்றைப் பரிசளிக்க முடிவு செய்திருக்கிறோம். எதை விரும்புகிறாரோ அதை அவரே கிடங்கில் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். தை மாதம் வார்த்தவை ஒன்று குறையாமல் அப்படியே இருக்கின்றன.