மிதிகட்டை பொருத்துதல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய விற்பன்னர்கள், அங்கிருந்து செஞ்சிக்குப் போகும் வழியிலுள்ள மோட்டார் பட்டறையைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதாது விட்டமை தமிழ் ஆராய்ச்சியுலகின் பெருங்குறையாகும். பழைய ஜீப்பின் சேஸிஸ் மேல் வேறொரு வண்டியின் இஞ்சினை ஏற்றி, தகரத்தில் புதிதாக பாடி கட்டி, கடையில் வாங்கிய பெடல்களை அதற்குள் அடங்கச் செய்யும் அருங்கலை அங்கேதான் நிகழ்கிறது.

பெடல் மூவகைப்படும். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் எட்டினால் போதும். கிளட்ச் இடக்காலுக்கு உரியது. (ஃபோர்டு டி மாடலில் நடுப்பெடல் ரிவர்ஸுக்கும் வலப்பெடல் பிரேக்குக்கும் உரியனவாக, ஆக்சிலரேட்டரோ கைக்கு உரியதாக இருந்ததென்று ஆட்சேபிப்போர் அடுத்த கட்டுரைக்குக் காத்திருப்பாராக.) எஞ்சிய பிரேக்கே நம் விஷயம்.

பூஸ்டர் இல்லாத வண்டியில் பாதத்தின் பலம் ஏறத்தாழ ஆறு மடங்காகி மாஸ்டர் சிலிண்டரை அடைதல் வேண்டும். அதாவது, பெடல் தொங்கும் அச்சிலிருந்து புஷ் ராடு மாட்டும் பின் 2 அங்குலத்தில் இருப்பின், மிதிக்கும் இடம் 12 அங்குலத்தில் இருத்தல் முறை. கால்வைக்கும் இடம் குறுகலென்று தண்டில் 2 அங்குலம் வெட்டிவிட்டால் ஆறு மடங்கு ஐந்தாகும். மிதிப்பவர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த நேரும். இதற்குப் பரிகாரமாகப் பின்னை ஓரங்குலத்தின் மூன்றிலொரு பங்கு அச்சை நோக்கி நகர்த்தலாம். நகர்த்தினாலோ புஷ் ராடு கோணலாகும். அதை நிமிர்த்தும் அவசரத்தில் ஃப்ரீ ப்ளே இடைவெளி சிறிதும் விடாமல் முறுக்கினால், காலை எடுத்த பின்னும் ஆயில் திரும்ப வழியின்றிப் பிரேக் பிடித்தபடியே காய்ந்து தீயும்.

ஆகவே தண்டை வெட்டலாமா, வளைக்கலாமா என்பதில் வெட்டுகலையார், வளைகலையார் என இரு சம்பிரதாயங்கள் தோன்றின. இரு சாராருக்கும் பிரமாணம் ஒன்றே: பட்டறைக் கதவின் உட்புறச் சாக்கட்டிச் சாசனம், மூன்றாம் வரி, கிரீஸ் கறைக்குச் சற்று மேல். 'வெட்டி' என்பதோடு அவ்வரி மழையில் அழிந்துள்ளது. முந்தையோர் அதனை 'வெட்டி ஒட்டு' என்றும், பிந்தையோர் 'வெட்டிவிடாதே' என்றும் பூர்த்தி செய்தனர். கல்வெட்டின் சிதைந்த இடமே தம் கட்சிக்குச் சாதகமானதென்று அறிந்த சான்றோர் நம்மிடையே முன்பும் உண்டாதலின் இதில் புதுமை யாதுமில்லை. கதவைப் பாதி திறந்து, வெயில் சாய்ந்த பின் நோக்கினால் மட்டுமே புலப்படும் பாடபேதமொன்று உண்டென்றும், அதன் பிரதி எண்ணெய்க் கடை பில்லொன்றின் பின்புறம் உள்ளதென்றும், அந்த பில் வடை மடிக்கப் போய்விட்டதென்றும் ஓர் அடிக்குறிப்பு கூறும்.

இனி, பனமலைக் கோயிலில் எஞ்சியுள்ள பல்லவர் ஓவியத்தில், குடை நிழலில் ஈசனின் கூத்தைக் காணும் உமையம்மை ஒரு காலை மடித்து நிற்பதை, எட்டாம் நூற்றாண்டிலேயே கிளட்ச் காலுக்கு ஓய்வளிக்கும் மரபு இருந்ததற்குச் சான்றாகக் கொள்வர் ஒருசாரார். அவ்வாறு சொல்லக் கூசுவது பக்தி, கூசாதது ஆராய்ச்சி.

சாக்கட்டியால் எழுதிய மேஸ்திரி இன்றும் அப்பட்டறையில்தான் இருக்கிறார், அவரையே கேட்டுவிடலாமே என்று மாணவரொருவர் கருத்தரங்கில் எழுந்து கூறினார். அவருக்கு இன்னும் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை.