சங்கு, சக்கரம், நாமம்

பெங்களூர் அடுகோடியில் வீட்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கும், கலவை போடும் சித்தாளுக்கும், மைகோ ஃபேக்டரியில் இரும்பு பிடித்து ரிட்டயரான பெரியவருக்கும் ஒரே வியாதி. ரேகை விழாது. ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை வைப்பார்கள். விழாது. முந்தானையில் துடைத்து வைப்பார்கள். விழாது. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி அழுத்துவார்கள். "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வா." நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதை எந்த சர்வரும் திருப்பித் தராது.

இது ஊருக்கே தெரியும். உச்ச நீதிமன்றத்துக்கும் தெரியும். அரசு சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 88 சதவீதம் வெற்றி என்று 2018இல் ஆதார் வழக்கில் அங்கே போய்ச் சொன்னது ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியேதான். மீதி 12? ரேகை தோற்றால் சேவை மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை என்றார்கள். நூறு இலையில் பன்னிரண்டை எடுத்துவிட்டு "பந்தி பிரமாதம்" என்று ஏப்பம் விடுகிறவனை நம்மூர்க் கல்யாணத்தில் சும்மா விடுவோமா?

அதே வழக்கில் அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் இன்னொரு முத்தும் உதிர்த்தார். தகவலெல்லாம் 13 அடி உயர, 5 அடி கனச் சுவருக்குப் பின்னால் பத்திரமாம். திருடன் ஏணியோடுதான் வருவான் என்று நினைத்துவிட்டார் போலும்.

திருடன் சுவர்ப் பக்கமே போகவில்லை. கர்நாடக அரசின் 'காவேரி' பத்திரப்பதிவுத் தளத்துக்குப் போனான். கிரையப் பத்திரத்தில் பெயர், ஆதார் எண், பெருவிரல் ரேகை எல்லாம் தாம்பாளத்தில் வைத்த மாதிரி இருந்தன. எடுத்தான். போலி ரேகை செய்தான். ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் தேய்த்தான். ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. 2023இல் பெங்களூருக்காரர்கள் வரிசையாகப் புகார் கொடுக்க, போலீஸ் பீகார் வரை போய் ஆளைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பத்திரங்களில் ரேகையை மறைக்க வேண்டும் என்று அரசுக்கு உறைத்தது. உயிருள்ள விரலுக்கு உதட்டைப் பிதுக்கும் மெஷின், செத்த ரப்பருக்கு நோட்டை எண்ணிக் கொடுத்திருக்கிறது!

ஆளை அடையாளம் காண ரேகையை வகை பிரிக்கும் வித்தை ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். போலீஸ்காரர்களான அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் மண்டையை உடைத்துக்கொண்டு ரேகைகளை 1,024 அறைகளில் அடுக்கக் கணக்குப் போட்டார்கள். பெயர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. துரை அல்லவா.

இதே வேலையைக் கணினிக்குக் கற்றுத்தர அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்த தொகுப்பில் இருந்தது 2,000 ஜோடி ரேகைப் படங்கள். ஐந்து வகை, வகைக்கு 400 ஜோடி. நம் ஜோசியர் சங்கு, சக்கரம் என்பதை அவர்கள் வளையம், சுழி, வில் என்றார்கள். பிற்பாடு தன் பழைய ரேகைத் தொகுப்புகள் சிலவற்றை வெளியே தருவதையே நிஸ்ட் நிறுத்திக்கொண்டது. இரண்டாயிரத்துக்கு அங்கே அவ்வளவு யோசனை. நாம் நூறு கோடிக்கு மேல் கொடுத்துவிட்டு நிற்கிறோம். சங்கும் சக்கரமும் அவர்களுக்கு. நாமம் நமக்கு.

எல்லா இடத்திலும் ரேகை மக்கர் பண்ணுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் வெள்ளைக்காரனின் 1920ஆம் வருடச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, குற்றவியல் நடைமுறை (அடையாளம்) சட்டம் கொண்டுவந்தார்கள். கைதானாலே ரேகை கொடுக்க வேண்டும். மறுத்தால் அதுவே குற்றம். பதிவு 75 ஆண்டு இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் நஃபிஸ் என்று நாடு தழுவிய ரேகைக் கிடங்கும் திறந்தாயிற்று. ரேஷன் கடையில் யாரென்றே தெரியாத விரல், காவல் நிலையத்தில் பளிச்சென்று தெரியும்.

ரேகைத் திருட்டுக்கு ஆதார் ஆணையம் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. ரேகையைப் பூட்டி வையுங்கள். செயலி இருக்கிறது. ஸ்மார்ட்போன் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு. ஆனால் பூட்டிய ரேகையை ரேஷன் மெஷினும் ஏற்காது. அரிசி வேண்டுமென்றால் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

க்யூவில் உங்களுக்கு முன்னால் நாற்பது பேர். முதல் ஆளுக்கே இன்னும் ரேகை விழவில்லை.