ஏழு கிலோக் கூடாரமும் அம்மாவும்

“டிசம்பர் லீவுக்கு வந்து பிள்ளைகளைக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன்” என்று ஸ்கார்பரோவிலிருந்து தொலைபேசியில் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எந்தக் காம்ப்? ஆர் பிடிச்சது?”

பிழை என்னுடையதுதான். எங்கள் சனத்துக்குக் காம்ப் என்றால் இரண்டே வகை. ஒன்று ஆமி இருப்பது, மற்றது அகதிகள் இருப்பது. லீவு போட்டு, காசு கட்டி, பெண்சாதி பிள்ளைகளோடு போய்ப் படுக்கிற மூன்றாவது வகையும் உண்டு என்று விளங்கப்படுத்த நாற்பது நிமிடம் பிடித்தது. ஒன்ராறியோவில் அல்கொன்குயின் பூங்காவில் ஒரு கூடாரம் போடுகிற துண்டு நிலத்துக்கு ஐந்து மாதம் முந்தியே சனம் பதிந்து வைக்கிறது என்றேன்.

“வீடில்லாத சனமோ?”

“வீடுள்ள சனம்தான் அம்மா.”

“அப்ப ஏனாம்?”

பதில் என்னிடம் இருக்கவில்லை. பயணச்சீட்டு மட்டும் இருந்தது.

எனக்கு ஊர், என் பிள்ளைகளுக்கு வெளிநாடு. ஆறு வயது மூத்தவளும் நாலு வயது இளையவனும் அந்த வெளிநாட்டைக் கூடாரத்துக்குள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். கட்டுநாயக்காவில் இறங்கியபோது எங்கள் பெட்டிகளில் ஏழு கிலோ எடையில் ஒரு கூடாரம் இருந்தது. இரண்டு நிமிடத்தில் தானாக விரியும் என்று உறையில் எழுதியிருந்தது. எங்களோடு வருவதற்காகக் கண்டிக்கு வந்திருந்த அம்மா அதைத் தடவிப் பார்த்தார். “கனடாவால வாற ஆக்கள் சொக்லேட் கொண்டு வருவினம். நீ தறப்பாள் கொண்டு வந்திருக்கிறாய்.”

போகும் இடம் ஹுன்னஸ்கிரிய. கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் ஏ26 வீதியில், நக்கிள்ஸ் மலைக்குத் திரும்புகிற சந்தி. வாடகைக் காரை நானே ஓட்டினேன். கனடா லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட முடியாது. அதற்குத் தனி அனுமதி எடுத்திருந்தேன். ஆனால் என் இடது கைக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. அங்கே இடது கைப்பக்கம் சிக்னல். இங்கே அந்த இடத்தில் வைப்பர். குண்டசாலை, திகன, தெல்தெனிய என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன். எதிரே வந்த பஸ் சாரதிகள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

தெல்தெனியவில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. பழைய தெல்தெனிய நகரம் இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது, 1985இல் திறந்த அணைக்காக ஊரையே மேலே மாற்றினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

“அந்த ஆக்கள் மீனாகிட்டினமா?” என்றான் இளையவன்.

“இல்லையடா, இடம்பெயர்ந்த சனம்” என்றார் அம்மா. “எங்களைப் போல.”

அதன்பிறகு வளைவுகள் தொடங்கின. மூன்றாவது வளைவில் இளையவனின் முகம் பச்சையானது. என் மனைவி கனடாவிலிருந்து கொண்டுவந்த வாந்தி மருந்தைப் பெட்டிகளுக்குள் தேட, அம்மா மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து அவன் மூக்கில் பிடித்தார். மற்றக் கையில் சொப்பிங் பை தயாராக இருந்தது. இரண்டும் பயன்பட்டன. மருந்து மறுநாள் கிடைத்தது.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மலையைக் காட்டினேன். மடக்கிய கைமுட்டி போலிருக்கிறது என்று வெள்ளைக்காரன் நக்கிள்ஸ் என்றான். சிங்களத்தில் தும்பர. 2010இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது மலையை முகில் முழுதாக மூடியிருந்தது. “எங்க முட்டி?” என்றாள் மகள். முகிலைக் காட்டினேன். அவள் தன் கையை மடக்கிப் பார்த்துவிட்டு உளுந்துவடைக்குத் திரும்பினாள்.

நக்கிள்ஸ் காட்டுக்குள் வன இலாகாவின் அனுமதியோடுதான் தங்கலாம். ஆகவே காட்டுக்கு வெளியே, லூல்வத்தைக்கு ஏறும் வழியில், ஒரு தனியார் காணியில் இரண்டு இரவுக்குச் சொல்லிவைத்திருந்தேன். காணியைப் பார்த்துக்கொண்டது தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த ஒரு அக்கா.

இரண்டு நிமிடக் கூடாரம் ஒன்றரை மணித்தியாலத்தில் விரிந்தது. அதற்குள் மகளின் காலில் அட்டை ஏறிவிட்டது. அவள் அலறிய சத்தம் மலைக்கு அப்பால் மீமுரே கிராமம் வரை கேட்டிருக்கும். நான் ஓடிப்போய் இன்டர்நெட்டில் தேடினேன், சிக்னல் இல்லை. அக்கா வந்து, “பயப்படாதீங்க பாப்பா, சவுக்காரத்தைப் பூசுனா ஓடிரும்” என்று ஈரச் சவர்க்காரத்தைத் தேய்க்க, அட்டை சுருண்டு விழுந்தது. இரத்தம் மட்டும் நிற்கவில்லை. அதை உறையவிடாத ஹிருடின் என்ற பொருள் அட்டையின் உமிழ்நீரில் இருக்கிறது என்று நான் விளங்கப்படுத்த முயன்றேன். யாரும் கேட்கவில்லை. அதற்குள் தம்பிக்கு இரண்டு அட்டை கடித்துவிட்டது, தனக்கு ஒன்றுதான் என்பது மகளின் கவலையாக மாறியிருந்தது.

இரவு, நெருப்பு மூட்டி மார்ஷ்மெலோ வாட்டுவது திட்டம். விறகு எரியவில்லை. பாணும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டோம். அம்மா கூடாரத்துக்குள் வர மறுத்துவிட்டார். “நான் ஒருக்கால் படுத்தது காணும்” என்று சொல்லிக் காரின் முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

டிசம்பர் வடகீழ்ப் பருவமழைக் காலம் என்று நாலாம் வகுப்பில் படித்தவன் நான். இரவு ஒரு மணிக்கு அது முழுதாக ஞாபகம் வந்தது. முதலில் மேலே ஒழுகியது. பிறகு கீழே ஊறியது. பிறகு இளையவனின் சப்பாத்து ஒன்று மிதந்து என் தலைமாட்டுக்கு வந்தது.

வெளியே டோர்ச் வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். எழுபது வயது அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்கா வீட்டு மண்வெட்டியால் கூடாரத்தின் மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். “தண்ணி மேலயிருந்துதானே வரும்? அதை மறிச்சுத் திருப்பாமல் பாயைச் சுருட்டி என்ன பிரயோசனம்? இந்தா, இந்தக் கயித்தைப் பிடி.” காரின் டிக்கியிலிருந்து மடித்த நீலத் தறப்பாள் ஒன்று வெளியே வந்தது. கனடாக் கூடாரத்துக்கு மேலே, மரத்துக்கு மரம், ஒரு பக்கம் சரிவாக அதைக் கட்டினார். பத்து நிமிடத்தில் ஒழுக்கு நின்றது.

“தறப்பாள் ஏன் கொண்டு வந்தனீங்கள்?”

“நீ தானே காம்ப் எண்டாய்.”

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது. பிறகு கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில் இதே நீலத் தறப்பாளுக்குக் கீழே அடுத்த சித்திரை மட்டும் இருந்தோம். தறப்பாளைச் சுற்றி வாய்க்கால் இருந்தது எனக்கு ஞாபகம். அதை யார் வெட்டியது என்று அன்றும் கேட்கவில்லை, அதன்பிறகும் கேட்கவில்லை.

காலையில் மகள் கேட்டாள்: “அப்பம்மா, நீங்க எங்க காம்பிங் பழகினீங்க?”

“கொடிகாமத்தில. ஆறு மாதம்.”

“ஆறு மாதமா!” பிள்ளையின் கண் விரிந்தது. என் பக்கம் திரும்பினாள். “அப்பா எங்களுக்கு ரெண்டு நாள்தான் தந்தவர்!”

அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

சின்னப் பிள்ளைகளோடு கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தேசிக்காய், சவர்க்காரம், மண்வெட்டி, ஒரு அம்மா. மழைக்காலம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் இரவு கண்டியில் ஓட்டு வீடொன்றில் படுத்தோம். நீலத் தறப்பாளை அம்மா காயவைத்து மடித்து யாழ்ப்பாணத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். ஏழு கிலோக் கூடாரத்தை அக்காவுக்கே கொடுத்துவிட்டு வந்தோம். கோழிக்கூட்டுக்கு மேலே விரித்திருக்கிறாராம். அங்கேயும் ஒழுகுகிறதாம்.