எம்டன் ஆயா

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்தில் சுமார் நூற்று முப்பது குண்டுகளை வீசிவிட்டுப் போனது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் டாங்கிகள் பற்றி எரிந்தன. சரித்திரப் புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். எங்கள் ஆயா நிறுத்த மாட்டாள். அந்தச் சத்தத்தில்தான் அவள் அம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்ததாம். மூட்டை முடிச்சோடு ஊரே ஓடியதில், செங்குன்றம் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே பிறந்தாளாம்.

"நான் பொறந்ததுக்கு ஜெர்மன்காரன் வெடி வெடிச்சான். உங்களுக்கெல்லாம் எவன் வெடிச்சான்?"

கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லருக்கு ராயபுரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்த விவரம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதுவும் போக, ஆயாவின் வயதை ரேஷன் கார்டு ஒன்று சொல்லும், வாக்காளர் அட்டை அதில் ஏழைக் கழிக்கும். பெரியப்பா பழைய நோட்டுகளையெல்லாம் துழாவி ஒருநாள் பிடித்தேவிட்டார். "எம்டன் வந்தப்ப உங்கம்மாவுக்குக் கல்யாணமே ஆவலையே?" ஆயா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டபடி சொன்னாள்: "அதான் நாங்க வெளியே சொல்லிக்கல." அதன்பிறகு பெரியப்பா வரலாற்று ஆராய்ச்சியை விட்டுவிட்டார்.

தமிழில் எம்டன் என்றால் இன்றைக்கும் சாமர்த்தியசாலி, கில்லாடி என்று அர்த்தம். கப்பலை அதே வருஷம் நவம்பரில் கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் அடித்து நொறுக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டு எம்டன் அதற்குப் பிறகும் நூறு வருஷம் ஓடியது.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மறுபடியும் ஊர் காலியானது. அவசர வேலை இல்லாதவர்கள் கிளம்பலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்க, ஆயா மட்டும் இட்லிப் பானையை இறக்கவில்லை. "ஒரு தபா ஓடுனதுக்கே வண்டியில பொறந்தேன். இன்னொரு தபா ஓடி ரோட்டுல சாவுறதா?" குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த சிங்கம் புலிகளை அப்போது சுட்டுக்கொன்றார்கள். ஆயாவின் போர்க்கால விமர்சனம் ஒன்றே ஒன்றுதான்: "சிங்கத்த சுட்டானுங்க. மூட்டப்பூச்சிய வுட்டுட்டானுங்க."

ஓடிப்போன வீட்டுக்காரர் நாலு மாசம் கழித்துத் திரும்பி வந்து வாடகை கேட்டார். இவள் காவல் கூலி கேட்டாள். கடைசியில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தகராறு.

ஆனால் அவளுடைய பொற்காலம் 1957 ஏப்ரல் 1. அன்றைக்குத்தான் நயா பைசா வந்தது. பதினாறு அணா ரூபாய் நூறு பைசா ஆனது. நாலணாவுக்கு இருபத்தைந்து பைசா. அதில் சிக்கல் இல்லை. ஒரு அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் வரும். கால் பைசா என்று ஒரு காசு கிடையாது. அதனால் ஆறு என்று வைத்தார்கள். தில்லியில் யாரும் கண்டுகொள்ளாத அந்தக் கால் பைசா, பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத எங்கள் ஆயா கண்ணில் பட்டுவிட்டது.

நாலணாவுக்கு நல்லெண்ணெய் வாங்கினால் இருபத்தைந்து பைசா. அணா அணாவாக நாலு தடவை வாங்கினால் இருபத்துநாலு. வீட்டில் பிள்ளைகளும் சரியாக நாலு. ஆளுக்கொரு தம்ளர், கையில் ஆறு பைசா. முதலில் பெரியப்பா போவார், கால் மணி கழித்து நைனா, அப்புறம் அத்தை, கடைசியில் சித்தப்பா. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கரண்டியை நிமிர்த்தும்போது கூடுதலாகச் சொட்டுகிற நாலு சொட்டு தனி லாபம். இரண்டாம் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார். நாலு பேருக்கும் ஒரே மூக்கு.

இதே ஆயாதான் வாசலில் அணாவுக்கு ரெண்டு இட்லி விற்றாள். அங்கே சட்டம் வேறு. ஒரு அணாவுக்குச் சாப்பிட்டு ஆறு பைசா வைத்தவர்கள் பெயருக்கு நேரே சுவரில் கரிக்கோடு விழும். நாலு கோடு சேர்ந்தால் ஒரு பைசா பாக்கி. துறைமுகத்துக் கூலிக்காரர் ஒருவர் கேட்டாராம்: "ஆயா, கவருமெண்டே வுட்டுடுச்சி, நீ வுட மாட்டியா?" "கவருமெண்டா மாவு ஆட்டுது?"

1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதைப் பேசி ஜெயித்தவர்கள் ஒரு படியில் நின்றதும், முதல் ஆளாகப் பாராட்டியவள் ஆயா. அன்றிலிருந்து நாங்கள் மூன்று முறுக்கு கேட்டால் ஒன்றுதான் நிச்சயம். மற்ற இரண்டும் லட்சியம்.

2016 நவம்பர் 8 ராத்திரி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னபோது, அவள் கணக்குப்படி அவளுக்கு நூற்றிரண்டு. நைனா தினமும் கெஞ்சினார். "இருந்தா குடும்மா, பேங்குல மாத்திடலாம்." "என்கிட்ட ஏதுடா துட்டு?" டிசம்பர் 30 கெடுவும் முடிந்தது. பங்குனியில், குண்டும் வெடிக்காத புயலும் அடிக்காத ஒரு மத்தியானம், சோற்றில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தனக்காக ஊரில் ஒன்றும் நடக்காமல் போனதே என்ற கோபம் முகத்தில் கொஞ்சம் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தலையணையைப் பிரித்தோம். இலவம்பஞ்சுக்கு மேலாக ஐந்நூறு ரூபாய்த் தாள் பதினொன்று. நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்கும் கீழே 2011இல் செல்லாமல் போன நாலணாக்கள், ஒரு ஓட்டைக் காலணா. எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் இறுக்கிக் கட்டிய ஒரு முடிச்சு. எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. உள்ளே அத்தனையும் ஒற்றை நயா பைசா. எண்ணினோம், எழுபத்தொன்பது.

கடைக்குப் போன நாலு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இளையவரான சித்தப்பாவுக்கே அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஆளுக்குப் பத்தொன்பது என்று பெரியப்பா பிரித்தார். மீதி மூன்று. பெரியப்பா நைனாவைப் பார்த்தார், நைனா சித்தப்பாவைப் பார்த்தார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. மூன்றையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.