ஜாவாவை மாத்திட்டீங்களாமா மாப்ளே?

வாங்க மாப்ளே, வாங்க, இப்படித் திண்ணையில உட்காருங்க. ஆரக்கிள் ஜாவாவைத் தூக்கிப் போட்டுட்டு டெமுரினைப் போட்டாச்சுன்னு போன்ல யாருகிட்டயோ பெருமை பேசிக்கிட்டிருந்தீங்களே, காதுல விழுந்துச்சு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்னு மூணு அமுக்குல சர்வரையே மாத்தின கெட்டிக்காரரை இந்த ஜில்லாவுல நான் பார்த்ததே இல்லீங்க.

நான் என்னத்தைக் கண்டேன். மில்லு ஆபீஸ்ல சர்வர் ரூம் வாசல்ல ஸ்டூலைப் போட்டுக் காவல் இருந்தவன். ஏசி காத்து வரட்டும்னு கதவைச் சித்தத் திறந்து வெப்பேன். உள்ளே இஞ்சினியருங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறதும் கூடவே வரும். அந்தப் படிப்புத்தான் நம்முளது.

மாத்தோணும்னு நினைச்சது தப்பே இல்லீங்க. ஜாவா 8ஐ எல்லாரும் சும்மா ஓட்டிக்கிட்டிருந்தாங்க. 2019 ஏப்ரல் 16ஆம் தேதி உரிமத்தை மாத்திப்போட்டாங்க. அன்னைக்கு வந்த 211ஆம் அப்டேட்டுல இருந்து வியாபாரத்துக்குன்னா காசு. 2023 ஜனவரியில இன்னொரு கணக்கு வந்துச்சு. எத்தனை சர்வர்ல ஜாவா ஓடுதுங்கறது பேச்சில்லை, கம்பெனியில எத்தனை தலைங்கறதுதான் பேச்சு. ஆயிரம் பேருக்குள்ளன்னா தலைக்கு மாசம் 15 டாலர்னு விலைப்பட்டியல். 200 பேர் இருக்கற இடத்துக்கு வருசம் 36,000 டாலர் ஆச்சுங்களா? பார்ட் டைம் ஆளும் கணக்குல உண்டு, காண்ட்ராக்ட் ஆளும் உண்டு. ஸ்டூல்ல உட்கார்ந்திருந்த என் தலைக்கும் 15 டாலர்! சம்பளம் ஏத்துங்கன்னு கேட்டப்ப மட்டும் பட்ஜெட் இல்லைன்னாங்க.

அதுக்குப் பதிலா வர்ற டெமுரின், கொரெட்டோ, ஜூலு எல்லாமே ஓப்பன்ஜேடிகே மூலத்துல இருந்து கட்டினதுதான். எதை எடுக்கறதுன்னு மீட்டிங் போட்டு மண்டையை உடைச்சுக்காதீங்க, எதுவும் கெட்டதில்லை.

இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. உங்க அப்ளிகேஷன் நிஜமா எந்த ஜாவாவுல ஓடுதுன்னு பார்த்தீங்களா? கமாண்ட் விண்டோவுல வெர்ஷன் கேட்டீங்க, டெமுரின்னு வந்துச்சு, அவ்வளவுதானுங்களே? அது அந்தக் கறுப்பு விண்டோவோட பதிலுங்க. சர்வீஸைக் கேட்டா வேற பதில் வரும். புது மாடு வாங்கி, கொம்புக்குப் பெயிண்டும் அடிச்சு, கட்டுத்தறியில கட்டியாச்சு. வண்டியை இழுக்கறது இன்னும் பழைய மாடுதான்.

டாம்கேட் 9ஐ விண்டோஸ் சர்வீஸா ஓட்டறீங்க. நீங்க பாத்தை மாத்தினாலும் ஜாவா ஹோமை மாத்தினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. சர்வீஸை நிறுவின அன்னைக்கு ஜேவிஎம்.டிஎல்எல் எங்கே இருந்துச்சோ, அந்த முழு வழியை ரெஜிஸ்ட்ரியில எழுதி வெச்சுக்கிட்டிருக்கும். டாஸ்க் மேனேஜர்ல ஜாவா.எக்ஸ்இ-யைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போனவங்க உண்டு. அந்த டிஎல்எல் டாம்கேட்9.எக்ஸ்இக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டாம்கேட்9டபிள்யூ.எக்ஸ்இ-யைத் திறந்து ஜாவாங்கற பக்கத்தைப் பாருங்க, குட்டு வெளிய வந்துரும். அங்க 'யூஸ் டீஃபால்ட்'னு டிக் விழுந்திருந்தா இன்னும் விசேசம். ரெஜிஸ்ட்ரியில ஜாவாசாஃப்ட்ங்கற இடத்தைத் தேடிப் போகும். டெமுரின் இன்ஸ்டாலரோ, நாமளா கேட்டாத்தான் அங்க எழுதும். மூணு அமுக்குல முடிச்ச அவசரத்துல அந்த ஆப்ஷனை எங்க பார்த்திருக்கப் போறீங்க! 64 பிட் டாம்கேட்டுக்கு 32 பிட் டிஎல்எல்லைக் காட்டினாலும் கிளம்பாது, அதையும் பார்த்துக்கோங்க.

சர்வீஸ் கிளம்பிருச்சுன்னு டீ குடிக்கப் போயிராதீங்க. பேங்கு சர்வரோட பேசற இடத்துல 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்'னு லாக்ல கத்திக்கிட்டு இருக்கும். உங்களுக்கு முன்ன இருந்த பையன், வேணுங்கற சர்டிஃபிகேட்டைப் பழைய ஜாவாவோட கேசர்ட்ஸ் ஃபைல்ல போட்டுட்டு, ஒருத்தருகிட்டயும் சொல்லாம வேற கம்பெனிக்குப் போயிருப்பான். புது ஜாவாவுக்கு அது எப்படித் தெரியும்? பழசுல இருந்து கீடூல் வெச்சு எடுத்துப் புதுசுல போடுங்க. பாஸ்வேர்டு கேட்டா 'சேஞ்ச்இட்'னு அடிச்சுப் பாருங்க. மாத்துங்கடான்னு சொல்லித்தான் அந்தப் பாஸ்வேர்டையே வெச்சாங்க, இன்னும் ஒருத்தரும் மாத்தின பாடில்லை.

அப்புறம் ஒரு ஆசை வரும், மாத்தறதுதான் மாத்தறோம், 8ல இருந்து 17க்கே தாவிரலாமேன்னு. தாவுங்க, நான் வேண்டாங்கலை. மேக்ஸ்பெர்ம்சைஸ்னு எப்பவோ எழுதி வெச்ச ஆப்ஷனைக் கண்டா 17 உள்ளே விடாது. ஜாக்ஸ்பியை 11லயே எடுத்துட்டாங்க. அப்ப எது உடைஞ்சது, கம்பெனி மாத்தினதாலயா, வெர்ஷன் ஏத்தினதாலயான்னு விடிய விடிய உட்கார்ந்து பிரிச்சு மேயலாம். முதல்ல 8ல இருந்து 8க்கே போங்க. வெர்ஷன் ஏத்தறது தனிச் சோலி.

இன்னொண்ணு. டெமுரின் ஃபோல்டர் பேருலயே வெர்ஷன் நம்பர் ஒட்டிக்கிட்டிருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அப்டேட் வரும், பேரு மாறும், சர்வீஸ்ல எழுதின வழி செல்லாமப் போகும். எம்கேலிங்க் வெச்சு ஒரு ஜங்ஷன் போட்டு, அந்தப் பேரைச் சர்வீஸுக்குக் காட்டிருங்க.

பழைய ஆரக்கிளை இன்னைக்கே அழிச்சுப்போடாதீங்க மாப்ளே. சர்வீஸை நிறுத்தி, அந்த ஃபோல்டர் பேரை மட்டும் மாத்தி வெச்சு, திருப்பிக் கிளப்பிப் பாருங்க. கிளம்பினா நீங்க மாத்தினது நிஜம். கொஞ்ச நாள் நல்லபடியா ஓடினதும் மறக்காம அன்இன்ஸ்டால் பண்ணிருங்க. ஓடாமச் சும்மா கிடந்தாலும், ஆடிட்டுக்கு வர்றவங்க இன்ஸ்டால் ஆகியிருக்கான்னுதான் கேப்பாங்க.